மழலையும் முதுமையும்

தமிழ்ப் புலவர்கள் குழந்தையைப் பாடப் புகுந்தபோது அதன் முகத்தை மட்டும் பாடி நிற்கவில்லை. அதன் கையையும் பாடினர். பெற்ற பிள்ளை தன் பிஞ்சு விரல்களால் துழாவிய உணவு வானோர் உணவினும் சுவையுடையது என்பது மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் கண்ட உண்மை. நெய்ச்சோற்றில் கையிட்டு அளைந்து, அதனை மேனியெங்கும் இறைத்துக்கொள்ளும் குழந்தை இல்லாதவர் வாழ்நாள் பயனற்றது என்று புறநானூற்றின் 188-ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி உரைக்கின்றான். அரசனும் புலவனும் ஒருங்கே மயங்கிய காட்சி அது.

அந்தச் சிறு கையே, அந்த மழலை வாயே, நோய்க்கிருமிகள் ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்குக் கடக்கும் பாலமாகவும் அமைந்துள்ளது என்பது இக்கால மருத்துவம் கண்ட உண்மை. இவ்விரண்டு உண்மைகளில் ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுதல் எளிது. நோய்க்கு அஞ்சிப் பேரக்குழந்தையை விலக்கி வைத்தல் ஒருவகைப் பிழை. அன்பின் பெயரால் நோயைப் பொருட்படுத்தாதிருத்தல் மற்றொரு வகைப் பிழை. இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டு வாழ்வது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் வட்டாரத்து இல்லங்கள்

சேலம் மாவட்டமும், 1997-ஆம் ஆண்டு அதனின்று பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லும் உழைப்புக்குப் பெயர் பெற்றவை. பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய ஊர்களில் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வடமாநிலங்கள் வரை செல்கின்றன. அவற்றோடு செல்வோர் வீடு திரும்ப மாதக்கணக்காகும். சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் நிலையும் அதுவே. சேலத்துக் கொலுசுப் பட்டறைகளும், ஜவ்வரிசி ஆலைகளும், நூற்பாலைகளும் ஆண், பெண் இருபாலாரையும் விடியற்காலையிலேயே அழைத்துக்கொள்கின்றன.

இவ்வளவு பேர் வேலைக்குச் சென்றபின் வீட்டில் எஞ்சுவோர் யாவர்? முதியோரும் குழந்தைகளுமே. தாத்தா, ஆயா என்றும், அப்பாரு, அப்பத்தா, அப்புச்சி, அம்மாயி என்றும், முஸ்லிம் இல்லங்களில் நன்னா, நன்னி என்றும் அழைக்கப்பெறும் இப்பெரியோர்கள் பேரக்குழந்தைகளைப் பார்த்து மகிழ்பவர்கள் மட்டும் அல்லர். அவர்களை வளர்ப்பவர்களும் இவர்களே. குழந்தையை அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்வதும், திரும்ப அழைத்து வருவதும், சோறூட்டுவதும், மூக்கைத் துடைப்பதும், பகலில் உறங்க வைப்பதும் இவர்கள் பொறுப்பு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்று வேலைக்கு விடுப்பு எடுப்பவர் அரியர். காய்ச்சற் குழந்தை முதியவர் மடியிலேயே கிடக்கும். ஆகவே, "நோயுற்ற குழந்தையிடமிருந்து முதியவர் விலகியிருக்க வேண்டும்" என்று மேலைநாட்டு ஏடுகள் கூறும் அறிவுரை நம் வீட்டில் செல்லாது. விலகிவிட்டால் அக்குழந்தையை ஏந்துவார் யார்?

குழந்தை நோயின் கொள்கலமாவது ஏன்?

பிறந்த குழந்தையின் உடல் இவ்வுலகத்துக் கிருமிகளை ஒவ்வொன்றாகச் சந்தித்தே அவற்றை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றது. இக்கல்வி ஐந்தாறு ஆண்டுகள் நடைபெறும். இப்பருவத்தில் நல்ல உடல்நலமுள்ள குழந்தைக்கும் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பே. அங்கன்வாடியிலும் மழலையர் பள்ளியிலும் ஒரே பொம்மையை இருபது கைகள் தொடுகின்றன. ஒரே பாயில் பல குழந்தைகள் உறங்குகின்றனர். ஆங்குக் கிடைத்ததைக் குழந்தை வீட்டுக்குக் கொண்டுவருகின்றது.

மற்றொன்று: குழந்தையின் உடலினின்று வெளிப்படும் கிருமிகளின் அளவு மிகுதி, அவை வெளிப்படும் காலமும் நீளம். இன்புளுயன்சா என்னும் சளிக்காய்ச்சல் உற்ற பெரியவர், நோய்க்குறி தோன்றுவதற்கு ஒருநாள் முன்பு தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் வரை வைரசைப் பரப்புகின்றார். சிறு குழந்தையோ அதனினும் மிகுதியான நாள்கள் பரப்பக்கூடும். இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. குழந்தை தும்மத் தொடங்கிய பின்னரே விழிப்படைவது போதாது. அதற்கு முன்பே கிருமி கடந்திருக்கக்கூடும். எனவே நோய் கண்டபின் மேற்கொள்ளும் எச்சரிக்கையைக் காட்டிலும் நாள்தோறும் கடைப்பிடிக்கும் வழக்கமே பயன் தரும்.

முதியவர் பக்கம் நோக்குவோம். அகவை ஏற ஏற நோயெதிர்ப்பு ஆற்றல் தளர்கின்றது. மார்பெலும்பின் பின்னால் உள்ள தைமஸ் என்னும் சுரப்பியே நோயெதிர்ப்பு அணுக்கள் சிலவற்றின் பயிற்சிக்கூடம். அது இளமையிலிருந்தே சுருங்கத் தொடங்கி முதுமையில் பெரிதும் கொழுப்பாக மாறிவிடுகின்றது. புதிய கிருமியை எதிர்க்கும் திறனும், தடுப்பூசியை ஏற்றுப் பயன்கொள்ளும் திறனும் இதனாற் குறைகின்றன. இருமிச் சளியை வெளியேற்றும் வலிமையும் குன்றுகின்றது. நீரிழிவு, இதய நோய், புகையாலும் பஞ்சுத் தூசியாலும் நைந்த நுரையீரல் ஆகியவை சேர்ந்துகொண்டால், குழந்தைக்கு மூன்று நாள் மூக்கொழுகலாக இருந்தது முதியவருக்கு நிமோனியாவாக முடியலாம்.

அஞ்சத்தக்கனவும் அஞ்ச வேண்டாதனவும்

எல்லாவற்றிற்கும் அஞ்சுதல் எதற்கும் அஞ்சாமையைப் போன்றே பயனற்றது. ஆகலின் நோய்களை வகைப்படுத்திக் காண்போம்.

முதலாவது வகை, மூச்சுவழி நோய்கள். இன்புளுயன்சா, ஆர்.எஸ்.வி. எனச் சுருக்கமாக வழங்கும் வைரஸ், 2020 முதல் நாம் நன்கறிந்த கொரோனா, நியுமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா ஆகியவை இவ்வகையின. முதியவருக்கு மெய்யான ஆபத்து பெரும்பாலும் இவற்றிலிருந்தே வருகின்றது. ஆர்.எஸ்.வி. கைக்குழந்தைகளுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும் முதன்மையான வைரஸ். ஒருமுறை வந்தால் மறுமுறை வாராது என்னும் உறுதி இதற்கில்லை. எனவே எழுபது அகவையிலும் அது மீண்டும் தாக்கும்.

இரண்டாவது வகை, வயிற்றுவழி நோய்கள். ரோட்டா, நோரோ ஆகிய வைரஸ்களால் வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் குழந்தையின் மலத்திலிருந்து கையின் வழியாக வாய்க்கு வருகின்றன. இவை முதியவர் உடலின் நீரையும் உப்பையும் விரைந்து வற்றச் செய்யும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கும், இரத்த அழுத்தத்திற்கு நீர்பிரியும் மாத்திரை உண்பவருக்கும் இது பெருந்துன்பம்.

மூன்றாவது வகை, தோலையும் கண்ணையும் பற்றுவன. சொறி சிரங்கு ஒரே பாய், ஒரே போர்வை வழியாகப் பரவும். மெட்ராஸ் ஐ என்று நாம் வழங்கும் கண்ணோய் துண்டின் வழியாகவும் கையின் வழியாகவும் பரவும். இவை உயிருக்கு ஊறு செய்வன அல்ல. ஆயினும் ஒருவருக்கு வந்தால் வீடு முழுவதையும் சுற்றிவரும்.

அஞ்ச வேண்டாதனவற்றையும் கூறல் வேண்டும். தட்டம்மையையும் ஏ வகை மஞ்சட்காமாலையையும் நம் முதியோரிற் பெரும்பாலோர் தம் இளமையிலேயே கடந்து வந்துள்ளனர்; அவர்களுக்கு அவை மீண்டும் வருதல் அரிது. குழந்தைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளத்தை உண்டாக்கும் காய்ச்சல் முதியவரை வருத்துவதும் குறைவே. சின்னம்மை பற்றி மட்டும் ஒரு வேறுபாடு அறியத்தக்கது. இளமையில் அதனை உற்றவர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் குளிர்நாடுகளைப் போலன்றி, நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் இளமையில் சின்னம்மை வாராமலே முதிர்ந்தவர்களும் உளர். அவர்களுக்கு அது குழந்தைக்கு வருவதைவிடக் கடுமையாக வரும், நுரையீரலையும் தாக்கும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் உட்புகாதவாறு செய்த நம் முன்னோர் வழக்கம் ஒரு சமூக அறிவிப்பாகவே பயன்பட்டது எனலாம்.

பிரித்தல் தீர்வாகுமா?

நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளைக் கண்டோர் ஓர் ஒழுங்கினை அறிவர். குஞ்சுகளுக்கு ஒரு கொட்டகை, முட்டைக் கோழிகளுக்கு வேறொரு கொட்டகை. வெவ்வேறு பருவத்துக் கோழிகளை ஒன்றாக அடைப்பதில்லை. உட்செல்வோர் வாயிலில் உள்ள மருந்துநீரில் காலை நனைத்தே செல்ல வேண்டும். குஞ்சுகளைப் பார்த்த பின்னரே வளர்ந்த கோழிகளைப் பார்க்க வேண்டும், முறை மாறலாகாது. வெள்ளைக்கழிச்சல் வாராதிருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே தடுப்பு மருந்து அளிக்கின்றனர். தலைமுறைகளுக்கிடையே நோய் கடக்கும் என்பதை நம் பண்ணையாளர்கள் நன்குணர்ந்துள்ளனர்.

ஆயின் வீடு பண்ணை அன்று. ஆயாவையும் பேரனையும் வேறு வேறு கொட்டகையில் வைத்தல் இயலாது. வைப்பினும் அது வாழ்வாகாது. 2020-இலும் 2021-இலும் கொரோனாவுக்கு அஞ்சிப் பல இல்லங்களில் முதியோர் தனியறையில் வைக்கப்பட்டனர். அன்றைய நிலையில் அது தேவையாயிருந்தது. ஆயினும் பேச்சுத் துணையின்றி, நடமாட்டமின்றி அவர்கள் உற்ற தளர்ச்சியும் சிறிதன்று. பண்ணையிலிருந்து நாம் கொள்ளத்தக்கது பிரிவினை அன்று. கால் நனைக்கும் ஒழுங்கும், இளமையிலேயே தரும் தடுப்பு மருந்துமே ஆகும்.

பிரிக்காமலே நோயைத் தடுக்கலாம் என்பதற்கு நம் தலைநகரிலேயே உலகறிந்த சான்று ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காசநோயாளரைக் குடும்பத்தினின்று பிரித்துச் சானடோரியத்தில் வைப்பதே முறை என்று உலகெங்கும் கருதப்பட்டது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நெரிசல் மிக்க ஏழை இல்லங்களைச் சார்ந்த நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்குச் சானடோரியத்திலும் மறு கூறினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே வகை மருந்தினை ஓராண்டு அளித்தது. 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. வீட்டில் மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்களோடு ஒரே அறையில் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்புள்ள காலமே குடும்பத்தாருக்கு ஆபத்தான காலம் என்பது விளங்கிற்று. அதன் பின்னர் உலக நாடுகள் பலவும் சானடோரியங்களைக் கைவிட்டன. காசநோய் வேறு, சளிக்காய்ச்சல் வேறு என்பது உண்மையே. ஆயினும், குடும்பத்தைப் பிரிக்காமல் நோயின் வழியை மட்டும் அடைக்க இயலும் என்னும் படிப்பினை இரண்டிற்கும் பொது.

பேரனுக்கு இட்ட ஊசி பாட்டிக்குக் காவல்

நோயின் வழியை அடைக்கும் முறைகளில் தலையாயது தடுப்பூசி. இதில் பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. குழந்தைக்கு இடும் ஊசி குழந்தையை மட்டும் காப்பதன்று. அக்குழந்தையை மடியிலேந்தும் முதியவரையும் காக்கின்றது.

நியுமோகாக்கஸ் பாக்டீரியா நலமான குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் நோய் ஏதும் செய்யாமல் குடியிருக்கும். அங்கிருந்து முதியவர் நுரையீரலை அடைந்தால் நிமோனியாவை உண்டாக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2000-ஆம் ஆண்டு முதல் கைக்குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி இடப்பட்டது. முதியோருக்கு அந்த ஊசி இடப்படவில்லை. எனினும் 2007-ஆம் ஆண்டளவில், அத்தடுப்பூசி எதிர்க்கும் வகைகளால் 65 அகவை கடந்தோருக்கு வந்த கடும் நோய் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டது. குழந்தையின் மூக்கில் கிருமி குடியேறாதபோது தாத்தாவின் நெஞ்சுக்கு அது வரும் வழி அடைபட்டது என்பதே இதன் காரணம்.

இன்புளுயன்சாவிலும் இதுவே கண்ட உண்மை. கனடா நாட்டில் ஹட்டரைட் என்னும் சமயச் சமூகத்தார் கூட்டுக்குடியிருப்புகளில் உழவுத்தொழில் செய்து வாழ்கின்றனர். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் 49 குடியிருப்புகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. சில குடியிருப்புகளின் சிறாருக்கு இன்புளுயன்சா ஊசியும், பிறவற்றின் சிறாருக்கு ஏ வகை மஞ்சட்காமாலை ஊசியும் இடப்பட்டன. முதல் வகைக் குடியிருப்புகளில் ஊசி போட்டுக்கொள்ளாத ஏனையோருக்கும் இன்புளுயன்சா 61 விழுக்காடு குறைந்தது என்று 2010-இல் அறிவிக்கப்பட்டது.

ஜப்பான் நாட்டின் வரலாறு இன்னும் சிந்திக்கத்தக்கது. ஆங்கு 1962 முதல் பள்ளிச் சிறாருக்கு இன்புளுயன்சா ஊசி இடும் திட்டம் நடைபெற்றது. பின்னர் ஐயங்கள் எழவே, 1987-இல் பெற்றோர் விருப்பத்திற்கு விடப்பட்டு, 1994-இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகளின் இறப்புக் கணக்கினை ஆராய்ந்த அறிஞர்கள், அத்திட்டம் நடைபெற்ற காலத்தில் ஆண்டுதோறும் 37,000 முதல் 49,000 வரையிலான இறப்புகள், அவற்றுள்ளும் முதியோர் இறப்புகளே பெரும்பான்மை, தடுக்கப்பட்டிருக்கலாம் என்று 2001-இல் மதிப்பிட்டனர். இது மதிப்பீடே, எனினும் பள்ளியில் இட்ட ஊசியின் பயன் வீட்டுத் திண்ணை வரை சென்றது என்பதை அது நமக்கு உணர்த்துகின்றது.

நம் மாநிலத்தின் நிலை யாது? 2017-இல் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும், 2021 ஜூலையில் நியுமோகாக்கஸ் தடுப்பூசியும் தமிழகத்தின் இலவசத் தடுப்பூசித் திட்டத்திற் சேர்க்கப்பட்டன. நியுமோகாக்கஸ் ஊசி 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம் என மூன்று தவணைகளில் இடப்படுகின்றது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி இடும் வழக்கத்தை நம் தாய்மார் நன்கறிவர். அந்தப் புதன்கிழமையைத் தவறவிடாதிருத்தல் குழந்தைக்கு மட்டும் செய்யும் நன்மை அன்று. அவ்வூசியின் வலியால் அன்றிரவு அழும் பேத்தி, தன்னைத் தாலாட்டும் பாட்டிக்கும் சேர்த்தே அவ்வலியைப் பொறுத்துக்கொள்கின்றாள்.

இன்புளுயன்சா ஊசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. ஆண்டுக்கொருமுறை போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி அது, வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால். நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா உடைய முதியவர்கள் இவ்வூசி பற்றியும், முதியோருக்கான நியுமோகாக்கஸ் ஊசி பற்றியும் தம் மருத்துவரைக் கேட்டறிதல் நலம். பண்டிகைக்குப் புத்தாடை எடுத்துத் தரும் மகனும் மகளும் அச்செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம்.

இல்லத்தில் செய்யத்தக்கன

ஊசிக்கு அடுத்த நிலையில் நிற்பது சோப்பு. எளிய பொருளாதலின் நாம் அதனை மதிப்பதில்லை. பாகிஸ்தானத்துக் கராச்சி நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் குடும்பங்களுக்குச் சோப்பினை அளித்து, கைகழுவும் முறையையும் வாரந்தோறும் கற்பித்து நடத்திய ஆய்வின் முடிவு 2005-இல் வெளியாயிற்று. அக்குடும்பங்களில் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியா பாதியாகக் குறைந்தது. மருந்தன்று, மாத்திரையன்று, சோப்பு! குழந்தை பள்ளியிலிருந்து வந்தவுடன், உண்ணுமுன், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டபின், மூக்கைத் துடைத்தபின் ஆகிய நான்கு நேரங்களில் சோப்பிட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவினாற் போதும். வயிற்றுநோய் வைரஸ்கள் சிலவற்றைச் சானிடைசர் ஒழிப்பதில்லை. ஆகவே சோப்பும் நீருமே மேலானவை. கால்மணையோரம் கைகழுவும் சோப்பினை வைப்பது வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் நினைவூட்டும்.

அடுத்தது முந்தானை. பேரனின் மூக்கைத் துடைப்பதும், அவன் வாயைத் துடைப்பதும், தன் முகத்து வியர்வையைத் துடைப்பதும் ஒரே முந்தானையில் நிகழ்கின்றன. பழந்துணியைச் சிறு துண்டுகளாகக் கிழித்துவைத்து, மூக்குத் துடைக்கவெனத் தனியே பயன்படுத்தி, அன்றன்றே வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துதல் செலவற்ற வழி. சேலத்து வெயில் நமக்குக் கிடைத்த கொடை. பாயும் தலையணையும் போர்வையும் வாரம் ஒருமுறை அதிற் காயட்டும்.

மூன்றாவது, தட்டு. குழந்தை உண்டு மிகுந்த சோற்றை வீணாக்க மனமின்றித் தாமே உண்பது நம் பாட்டியர் பண்பு. வறுமையில் வாழ்ந்த தலைமுறையின் சிக்கனம் அது. அதனை இகழ்தல் தகாது. ஆனால் குழந்தைக்குச் சளியோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாள்களிலேனும் அம்மிச்சத்தைத் தவிர்த்தல் வேண்டும். முதலிலேயே சிறிதளவு பரிமாறி, வேண்டுமாயின் மீண்டும் இடுதல் இதற்குத் தக்க வழி. சோறும் வீணாகாது, நோயும் கடவாது. தம்ளர், கரண்டி, வெற்றிலைப்பெட்டி ஆகியவற்றிற்கும் இதுவே விதி.

நான்காவது, முத்தம். குழந்தையை முத்தமிடாதீர் என்று எந்த மருத்துவமும் நம் மக்களிடம் கூறி வெற்றிபெற இயலாது. கூறவும் வேண்டுவதில்லை. வாயிலும் கையிலும் முத்தமிடுவதை விடுத்து உச்சி முகர்தல் நம் பழந்தமிழ் வழக்கமன்றோ! மூக்கும் வாயும் கிருமியின் வாயில்கள், உச்சந்தலை அத்தகையதன்று.

ஐந்தாவது, காற்று. தறிக்கூடமும் படுக்கையறையும் ஒன்றாய் அமைந்த சிறு வீடுகளில் இது அரிய பொருள். மழைக்காலத்தில் சன்னலை அடைத்துவிட்டு நால்வர் ஒரே அறையிற் படுக்கும்போது ஒருவர் மூச்சு மற்றவர்க்கு உணவாகின்றது. எதிரெதிரே உள்ள இரு சன்னல்களைச் சிறிதேனும் திறந்துவைத்தலும், பகலில் குழந்தையோடு திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ அமர்தலும் நலம் பயக்கும். நோயுற்ற குழந்தை ஓர் ஓரத்திலும் முதியவர் மறு ஓரத்திலுமாக, இடையே இளைஞர் படுத்துறங்கும் ஏற்பாடு சில இரவுகளுக்குப் போதுமானது.

ஆறாவது, முறைமாற்றம். நோயுற்ற குழந்தையைப் பார்க்கும் பொறுப்பு முழுவதையும் எழுபது அகவையர் ஒருவர் தலையிலேயே சுமத்தலாகாது. கடுங்காய்ச்சலும் வாந்தியும் உள்ள முதல் இரண்டு மூன்று நாள்களிலேனும் தாயோ தந்தையோ ஒருவர் மாறி ஒருவர் விடுப்பெடுத்தல் வேண்டும். அது இயலாதபோது குழந்தையை ஏந்தும் முதியவர் முகக்கவசம் அணிதல் வேண்டும். ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைக்குக் கவசம் அணிவிக்க முயல்வதைக் காட்டிலும் பெரியவர் அணிவதே நடைமுறைக்கு ஏற்றது.

முதியவர் நோயை அறிவது எங்ஙனம்?

குழந்தைக்கு நோய் வந்தால் அது அழுது அறிவிக்கும். முதியவரோ அறிவிப்பதில்லை. "எனக்கென்ன, ஒன்றுமில்லை" என்பதே அவர்தம் விடை. மகனுக்குச் செலவு வைக்கலாகாது என்னும் எண்ணமும், தாம் படுத்துவிட்டால் குழந்தையைப் பார்ப்பார் எவரென்னும் கவலையும் அவ்விடைக்குள் மறைந்துள்ளன. உடலும் அவர்களோடு சேர்ந்து மறைக்கின்றது. முதுமையில் நிமோனியா வந்தும் உடல் கொதிக்காமலிருக்கலாம்.

எனவே வெப்பமானியை மட்டும் நம்பலாகாது. வழக்கமாக உண்பவர் உணவை ஒதுக்குதல், திடீரெனத் தளர்ந்து படுத்தல், பேச்சுத் தடுமாறி இடம் நேரம் மறத்தல், நடக்கையில் விழுதல், மூச்சு விரைதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும், வீட்டில் குழந்தைக்குச் சளியிருந்த வாரமாயின், உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். இன்புளுயன்சாவுக்குரிய மருந்து நோய் தொடங்கிய இரண்டு நாள்களுக்குள் கொடுத்தால்தான் மிகுந்த பயன் தரும். "நாளை பார்ப்போம்" என்னும் சொல் அந்த இரண்டு நாள்களையும் விழுங்கிவிடும். மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் ஆண்டிபயாடிக் மாத்திரை வைரஸ் நோயைத் தீர்க்காது என்பதையும் நினைவிற் கொள்க. சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. நாமக்கல்லிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தக்க மருத்துவம் தொலைவில் இல்லை, தாமதமே தொலைவு.

பாலம் இருவழிப்பட்டது

இதுகாறும் குழந்தையிடமிருந்து முதியவருக்கு வரும் நோய்களைக் கண்டோம். மறுவழியையும் ஒருசொல் கூறாவிடின் இக்கட்டுரை நடுநிலை பிறழ்ந்ததாகும். இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் முதியவரின் இருமல் காசநோயாக இருக்கலாம். அது குழந்தைக்குத் தொற்றினால் மூளையையும் தாக்கவல்லது. சளிச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதியவருக்கு வரும் அக்கியின் கொப்புளநீர், சின்னம்மை வாராத குழந்தைக்குச் சின்னம்மையை உண்டாக்கும். அதனைத் துணியால் மூடிவைத்தல் வேண்டும். தாத்தா திண்ணையிற் புகைக்கும் பீடியின் புகை பேரனின் நுரையீரலுக்குச் சளியை அழைத்து வரும். அச்சளி மீண்டும் தாத்தாவையே வந்தடையும். ஆதலின் தன்னைக் காத்தலும் குழந்தையைக் காத்தலும் இரண்டல்ல.

மாணவர் கடமை

இம்மலரைக் கையிலேந்தும் மாணவர் பலர் தாத்தா பாட்டியரால் வளர்க்கப்பட்டவர்களே. அவர்கள் வீட்டில் இன்று தம்பி தங்கையரோ, அண்ணன் அக்கையரின் குழந்தைகளோ அப்பெரியோர் மடியில் இருப்பர். விடுதியிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் முதலில் கைகழுவிப் பின்னர்ப் பெரியோரை அணுகட்டும். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து விடுபட்ட தவணையைத் தாயிடம் நினைவூட்டட்டும். "ஒன்றுமில்லை" என்னும் பெரியோர் சொல்லை அப்படியே ஏற்காமல், இன்று உண்டார்களா, நன்கு உறங்கினார்களா என்று ஒருமுறை உடனமர்ந்து கேட்கட்டும்.

வள்ளுவர் மக்கட்பேற்றைப் பாடியவர். மருந்து என்னும் அதிகாரத்தையும் அவரே பாடினார். ஒரே நூலில் இரண்டிற்கும் இடமிருந்தது. நம் வீட்டிலும் இரண்டிற்கும் இடமுண்டு. பேரக்குழந்தையின் சிறு கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, அக்கையாலேயே ஒருபிடி சோற்றை வாங்கி உண்ணும் பெரியோர் நம்மிடையே நெடுநாள் வாழ்வார்களாக.